தைலம் கலந்த லிப்பிட் சவ்வு: எதை, எங்கே, எந்த முறையில் அளப்பது?

ஊட்டியில் மருந்தியலோ வேதியியலோ முதுகலை படிக்கிற பிள்ளைகள் ஆய்வுத் தலைப்பு தேடும்போது பலர் தைலத்தில்தான் வந்து நிற்கிறார்கள். கற்பூர மரம் (யூகலிப்டஸ்) கண்ணெதிரே நிற்கிறது. இலையை வேகவைத்துத் தைலம் எடுக்கும் அடுப்புகளும் பக்கத்திலேயே இருக்கின்றன. அந்தத் தைலத்தின் முக்கியப் பொருள் சினியோல். மற்ற மருந்துகள் தோல் வழியே உள்ளே போவதை அது எளிதாக்கும் என்பது நெடுநாளாகத் தெரிந்த செய்தி. தோலின் மேலடுக்கில், செல்களுக்கு நடுவே அடுக்கி வைத்தாற்போல் இருக்கும் லிப்பிட்களை, அதாவது கொழுப்பு மூலக்கூறுகளை, அது இளக்கிவிடுகிறது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். அப்படியானால் ஒரு லிப்பிட் சவ்வில் சினியோலைக் கலந்து, சவ்வு எவ்வளவு இளகுகிறது என்று நேரடியாக அளந்துவிடலாமே என்று அடுத்த எண்ணம் வரும்.

நல்ல கேள்விதான். உடனே எல்லோரும் கேட்பது, அணுவிசை நுண்ணோக்கி (கூரான முனையால் பொருளைத் தொட்டு அளக்கும் கருவி) எங்கே கிடைக்கும், ஒரு மணி நேரத்துக்கு என்ன கட்டணம் என்பது. அதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. எந்த எண் வேண்டும்? சவ்வின் வலிமை என்று ஒரே ஓர் எண் கிடையாது. ஒவ்வொரு முறையும் வேறொரு எண்ணைத் தருகிறது. முறையைத் தவறாகத் தேர்ந்துகொண்டு கீழே கோயம்புத்தூர் வரை போய் வந்தால், கையில் நூற்றுக்கணக்கான வரைபடங்கள் இருக்கும், கேட்ட கேள்விக்குப் பதில் மட்டும் இருக்காது. அதனால் கையிலிருக்கும் வழிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம். மலையில் இருந்துகொண்டு, கருவிக்காகக் கீழே கோவைக்குப் போய் வரவேண்டிய ஒருவர் எதைத் தேர்வது நல்லது என்பதுதான் என் கணக்கு.

எந்த எண்?

லிப்பிட் சவ்வு என்பது இரண்டு அடுக்கு லிப்பிட்; அந்த ஈரடுக்கின் தடிமன் 4 முதல் 5 நானோமீட்டர். அவ்வளவு மெல்லிய பொருளை மூன்று விதமாகத் தொந்தரவு செய்யலாம். வளைக்கலாம்: அதற்கு அது காட்டும் எதிர்ப்பு வளைவுக் குணகம். திரவ நிலையில் உள்ள பாஸ்பட்டிடைல்கோலின் என்ற சாதாரண லிப்பிட்டாலான சவ்வுக்கு அது ஏறக்குறைய 10⁻¹⁹ ஜூல், அதாவது அறை வெப்பநிலையின் வெப்ப ஆற்றலைப் போல 20 முதல் 25 மடங்கு. இழுத்துப் பரப்பைக் கூட்டலாம்: அது பரப்பு நீட்சிக் குணகம், மீட்டருக்குக் கால் நியூட்டன் வாக்கில் வரும். குத்தித் துளைக்கலாம்: அதற்குத் தேவைப்படுவது துளைப்பு விசை, சில நானோநியூட்டனிலிருந்து சில பத்து நானோநியூட்டன் வரை. முதல் இரண்டும் பொருளின் பண்புகள். மூன்றாவது அப்படியல்ல. முனையின் கூர்மை, குத்தும் வேகம், நீரில் உள்ள உப்பு, வெப்பநிலை எல்லாம் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன.

இந்த வேறுபாடு ஏட்டளவில் இருப்பதல்ல. டி.ஓ.பி.சி என்ற லிப்பிட்டில் கொலஸ்ட்ரால் சேர்த்தால் சவ்வு விறைக்குமா என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய லிப்பிட் குமிழ்களையும் எக்ஸ்-கதிர்ச் சிதறலையும் வைத்து அளந்தவர்கள் வளைவுக் குணகம் ஏறக்குறைய மாறவில்லை என்றார்கள். 2020-இல் நியூட்ரான் சிதறல் கொண்டு அளந்தவர்கள் நன்றாகவே விறைக்கிறது என்றார்கள். சவ்வு ஒன்றுதான், கொலஸ்ட்ராலும் ஒன்றுதான். ஆனால் குமிழ் முறை பார்ப்பது மைக்ரோமீட்டர் அளவில், நொடிக்கணக்கில் நடக்கும் அசைவை. நியூட்ரான் முறை பார்ப்பது நானோமீட்டர் அளவில், நானோநொடிக் கணக்கில் நடப்பதை. இத்தனை ஆண்டு அனுபவம் உள்ளவர்களுக்கே இப்படி என்றால், புதிதாகத் தொடங்குபவர் தன் எண் எங்கிருந்து வருகிறது என்பதில் மிகவும் கவனமாக இருக்கவேண்டும்.

மைக்கா மேல் விரித்த சவ்வு

அணுவிசை நுண்ணோக்கியைப் பின்னிக், குவேட், கெர்பர் மூவரும் 1986-இல் வெளியிட்டார்கள். வளையக்கூடிய ஒரு மெல்லிய பட்டை, அதன் நுனியில் கூரான முனை, பட்டை எவ்வளவு வளைகிறது என்று காட்டும் லேசர், அவ்வளவுதான் கருவியின் உள்ளம். சவ்வு வேலையில் மிகப் பரவலானது, மைக்கா தகட்டின் மேல் சவ்வை விரித்து, நீருக்கு அடியில் வைத்து, முனையால் குத்திப் பார்க்கும் முறை.

தயாரிப்பு எளிது. மைக்கா தகட்டின் மேல் செலோ டேப்பை ஒட்டி இழுத்தால் மேலடுக்கு உரிந்து வரும். டேப்பில் வட்டமாக, ஓட்டை விழாமல் முழு அடுக்கு ஒட்டியிருந்தால் கீழே இருப்பது அணு அளவில் தட்டையான புதுப் பரப்பு. அரைகுறையாக வந்திருந்தால் இன்னொரு முறை உரியுங்கள். அதன்மேல், ஒலியலையால் உடைக்கும் சோனிகேட்டரில் போட்டுச் சிறிதாக்கிய லிப்போசோம் (லிப்பிட் சவ்வாலான நுண்பை) கரைசலைக் கொஞ்சம் கால்சியத்தோடு விட்டால், லிப்போசோம்கள் பரப்பில் அமர்ந்து, வெடித்து, பக்கத்தில் இருப்பதோடு சேர்ந்து ஒரே சவ்வாக விரிந்துகொள்ளும். மிச்சத்தைப் பஃபர் என்ற உப்புக் கரைசலால் கழுவிவிட வேண்டும். சவ்வுக்கும் மைக்காவுக்கும் நடுவே ஒன்றிரண்டு நானோமீட்டர் நீர்ப்படலம் மட்டும் இருக்கும்.

அளவு எப்படி வரும் என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். முனை நகர நகர விசை எப்படி மாறுகிறது என்று காட்டும் கோடுதான் விசை வளைவு. முனை தூரத்தில் இருக்கும்வரை அது தட்டையாக ஓடும். சவ்வை நெருங்கும்போது விலக்குவிசை மெல்ல எழும்பும். முனை சவ்வைத் தொட்டு அழுத்த, கோடு ஏறிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் சவ்வு தாங்காது. முனை சட்டென்று உள்ளே தாவி மைக்காவைத் தொடும். வளைவில் அது ஒரு சின்னப் படி மாதிரி தெரியும். அந்தப் படி தொடங்கும் இடத்து விசைதான் துளைப்பு விசை. படியின் அகலத்தையும் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். 3 முதல் 5 நானோமீட்டர் என்றால் ஓர் ஈரடுக்கு. இரண்டு படிகள் அடுத்தடுத்து வந்தால் இரண்டு சவ்வுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. படியே இல்லையென்றால் அந்த இடத்தில் சவ்வில்லை, அல்லது முனையில் லிப்பிட் அப்பிக்கொண்டது.

இந்த முறையின் பெரிய பலம் எண்ணிக்கை. 32-க்கு 32 என்று கட்டம் போட்டால் 1024 வளைவுகள். நொடிக்கு ஒன்று என்று எடுத்தாலும் 17 நிமிடத்தில் முடியும். ஒவ்வொரு குத்தும் தற்செயலின் பிடியில் இருப்பதால் விசை இடத்துக்கிடம் சிதறும். ஆனால் ஆயிரம் குத்துகளைப் பரவல் படமாகப் போட்டால் உச்சி தெளிவாக நிற்கும். சினியோல் விடுவதற்கு முன் ஒரு படம், விட்ட பின் ஒரு படம். உச்சி நகர்ந்ததா இல்லையா என்பதில் சந்தேகத்துக்கு இடமிருக்காது.

பலவீனமும் உண்டு. குத்தும் வேகத்தைக் கூட்டினால் துளைப்பு விசையும் கூடும். முனை மழுங்கினால் கூடும். உப்பைக் கூட்டினால் கூடும். அதனால் வேறொருவர் வெளியிட்ட எண்ணோடு உங்கள் எண்ணை நேராக ஒப்பிட முடியாது. ஒரே முனை, ஒரே வேகம், ஒரே பஃபர், அதே சவ்வு என்று வைத்துக்கொண்டு, முன்னும் பின்னும் அளந்து விகிதத்தைச் சொல்வதுதான் நியாயம். அப்படிச் செய்தால் பட்டையின் விறைப்பை அளப்பதில் வரும் 10, 20 விழுக்காட்டுப் பிழையும் இரண்டு பக்கமும் சமமாக இருந்து கழிந்துபோகும். இது சாதாரண ஆதாயம் இல்லை.

அடுத்தது ஒரு சபலம். விசை வளைவு கையில் இருக்கிறது, மென்பொருளில் ஹெர்ட்ஸ் சமன்பாடு இருக்கிறது, ஒரு பொத்தானைத் தட்டினால் யங் குணகம், அதாவது பொருளின் விறைப்பைச் சொல்லும் எண், வந்துவிடும். பல ஆய்வேடுகளில் இப்படி வந்த எண்ணைப் பார்க்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். தரையில் விரித்த பாயை விரலால் ஓங்கி அழுத்திவிட்டு, விரலில் பட்ட கடினத்தைப் பாயின் கடினம் என்று எழுதுவதுபோல் ஆகிவிடும் அது. படலத்தின் தடிமனில் பத்தில் ஒரு பங்குக்குள் அழுத்தினால்தான் அடித்தளம் தலையிடாது என்பது பொதுவான விதி. 5 நானோமீட்டர் சவ்வுக்கு அது அரை நானோமீட்டர். மீட்டருக்கு 0.1 நியூட்டன் விறைப்புள்ள பட்டை வெறும் வெப்ப அசைவினாலேயே 0.2 நானோமீட்டர் ஆடிக்கொண்டிருக்கும். அந்த ஆட்டத்துக்குள் அரை நானோமீட்டரை வைத்து எந்த வளைகோட்டைப் பொருத்துவது? அடித்தளத்தைக் கணக்கில் எடுக்கும் மெல்படலச் சமன்பாடுகள் இருக்கின்றன. அவற்றை வைத்துப் பரப்பு நீட்சிக் குணகம் வரை எடுத்தவர்களும் இருக்கிறார்கள். நன்றாகத் தெரிந்த ஒருவர் கூட இருந்தால் முயலலாம். இல்லையென்றால் துளைப்பு விசையோடு நிறுத்திக்கொள்வது மேல்.

மலையில் இருப்பவர்கள் மறக்கக்கூடாத வெப்பநிலை

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

லிப்பிட் சவ்வு ஒவ்வொன்றுக்கும் ஓர் உருகுநிலை உண்டு. அதற்குக் கீழே லிப்பிட்டின் கொழுப்பு வால்கள் நேராக நெருக்கி நிற்கும் ஜெல் நிலை. மேலே வால்கள் தளர்ந்த திரவ நிலை. டி.பி.பி.சி என்ற லிப்பிட்டுக்கு அது 41 டிகிரி செல்சியஸ். டி.எம்.பி.சிக்கு 23 அல்லது 24. பி.ஓ.பி.சிக்குச் சுழியத்துக்குக் கீழே 2. டி.ஓ.பி.சிக்கு சுழியத்துக்குக் கீழே 17 வாக்கில். திரவ நிலைச் சவ்வைத் துளைக்கச் சில நானோநியூட்டன் போதும் என்றால், ஜெல் நிலையில் அது பத்தையும் தாண்டும்.

கல்லூரிகளில் டி.எம்.பி.சி அடிக்கடி கைக்கு வரும் லிப்பிட். ஊட்டி ஆய்வகத்தில் மழைக்காலத்தில் அறை வெப்பநிலை 15 டிகிரி. அங்கே அது ஜெல். அதே மாதிரியைக் கோயம்புத்தூரில் விசிறி மட்டும் ஓடும் அறையில் 30 டிகிரியில் வைத்தால் திரவம். கருவி இருக்கும் ஏசி அறையிலோ 22, 23 டிகிரி இருக்கும். லேசரும் மின்சுற்றும் சேர்ந்து நீர்க்கலத்தை அறையைவிட ஒன்றிரண்டு டிகிரி சூடாக்கியிருக்கும். அதாவது, சரியாக உருகுநிலையிலேயே போய் உட்காருகிறோம். மைக்கா மேல் விரித்த சவ்வு ஒரே புள்ளியில் உருகாமல் பல டிகிரி அகலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக உருகும். அதனால் பாதி ஜெல், பாதி திரவம் என்று திட்டுத் திட்டாகக் கிடக்கும். பரவல் படத்தில் இரண்டு உச்சிகள் வரும். காலையில் எடுத்ததும் மாலையில் எடுத்ததும் ஒத்துப்போகாது.

இது தொல்லை என்ற அளவோடு நின்றால் பரவாயில்லை. தவறான முடிவுக்கே கொண்டுபோய்விடும். வெளிப்பொருள் எது கலந்தாலும் உருகுநிலை பொதுவாகக் கீழிறங்கும், சினியோலும் அப்படித்தான். 20 டிகிரியில் டி.எம்.பி.சியில் சினியோலை விடுகிறீர்கள், துளைப்பு விசை பாதிக்கும் கீழே விழுகிறது, தைலம் சவ்வை இளக்கிவிட்டது என்று எழுதுகிறீர்கள். நடந்தது வேறு. உருகுநிலை 24-இலிருந்து 20-க்குக் கீழே இறங்க, சவ்வு ஜெல்லிலிருந்து திரவத்துக்கு மாறியிருக்கிறது. அதுவும் ஒரு கண்டுபிடிப்புதான். ஆனால் திரவ நிலையில் இருக்கும் சவ்வைச் சினியோல் எவ்வளவு இளக்குகிறது என்ற கேள்விக்கு அது பதிலே அல்ல.

ஆகவே லிப்பிட்டை மாற்றுங்கள். என் தேர்வு பி.ஓ.பி.சி. ஊட்டியின் டிசம்பர் காலையானாலும் கோவையின் ஏப்ரல் மதியமானாலும் ஆய்வக அறையில் அது திரவமாகவே இருக்கும். டி.ஓ.பி.சியும் அப்படியே. ஆனால் அதன் இரண்டு வால்களிலும் இரட்டைப் பிணைப்பு இருப்பதால் காற்றுப்பட்டால் சீக்கிரம் கெடும். பி.ஓ.பி.சியில் ஒரு வாலில் மட்டும்தான். ஜெல் நிலையையும் பார்க்க ஆசை என்றால் டி.பி.பி.சியை எடுத்துக்கொள்ளலாம், அதை மைக்காவில் விரிக்கும்போது மட்டும் 41-க்கு மேலே சூடாக்கி, மெதுவாக ஆற விடவேண்டும். ஆறும்போது சவ்வு சுருங்கி ஆங்காங்கே கீறல் விடும். பதற வேண்டாம், அந்தக் கீறலின் விளிம்பில்தான் சவ்வின் தடிமனைச் சுலபமாக அளக்கலாம்.

இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இவை எதுவும் தோல் அல்ல. தோலின் மேலடுக்கில் இருப்பவை செரமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பமிலம்; பெரும்பாலும் படிகம்போல் இறுகியவை. பி.ஓ.பி.சியில் கிடைத்த முடிவை வைத்துக்கொண்டு தைலம் தோலை இப்படிச் செய்கிறது என்று ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதக்கூடாது.

முழு லிப்போசோமை அழுத்துவது

சவ்வை விரிக்காமல், 100 நானோமீட்டர் லிப்போசோமை அப்படியே மைக்காவில் அமர வைத்து, அதன் தலையில் முனையால் மெல்ல அழுத்தலாம். மருந்தை உள்ளே அடைத்த லிப்போசோமையே தயாரிப்பவர்களுக்கு இதன் கவர்ச்சி புரியும். அளப்பது மாதிரிச் சவ்வை அல்ல, கையிலிருக்கும் சரக்கையே. தைலத்தை லிப்போசோமில் அடைத்து ஜெல்லிலோ களிம்பிலோ சேர்ப்பதுதான் நோக்கம் என்றால், அது குழாயிலும் டியூபிலும் கசங்காமல் நிற்குமா என்ற கேள்விக்கு இதுதான் மிக அருகில் போகும்.

மெல்லிய பட்டை வேண்டும், மீட்டருக்கு 0.1 நியூட்டனுக்குக் குறைவாக. விசை ஒரு நானோநியூட்டனைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தொடக்கத்தில் கோடு நேராக ஏறும். அந்தச் சாய்விலிருந்து லிப்போசோமின் விறைப்பு கிடைக்கும். கடைசியாக ஒருமுறை பலமாக அழுத்தினால், மேல்சவ்வும் கீழ்சவ்வும் ஒன்றாக நசுங்கி, அடுத்தடுத்து இரண்டு தாவல்கள் தெரியும். அந்த இரண்டு தாவல்கள்தான் நீங்கள் அழுத்தியது ஒற்றைச் சவ்வுள்ள லிப்போசோம் என்பதற்குச் சாட்சி. நான்கு தாவல் வந்தால் அது சவ்வுக்குள் சவ்வு.

சிக்கல் கணக்கில் இருக்கிறது. மைக்காவில் அமரும் லிப்போசோம் உருண்டையாக இருக்காது, சப்பட்டையாகும். சப்பட்டையானால் உள்ளே அழுத்தம் ஏறும். நீங்கள் அளந்த விறைப்பில் சவ்வின் பங்கு எவ்வளவு, அழுத்தத்தின் பங்கு எவ்வளவு என்று பிரிக்கவேண்டும். பழைய கட்டுரைகளில் வரும் மெல்லோட்டுச் சமன்பாடு ரப்பர் பந்துக்குப் பொருந்தும். திரவச் சவ்வுக்குப் பக்கவாட்டில் நழுவுவதை எதிர்க்கும் விறைப்பே கிடையாது, அதனால் பொருந்தாது. அழுத்தத்தையும் சேர்த்து எழுதிய புதிய கணக்கு 2017 முதல் இருக்கிறது. அதற்கு ஒவ்வொரு லிப்போசோமின் உயரமும் அகலமும் சரியாகத் தெரியவேண்டும், முனையின் பருமனைக் கழித்துவிட்டு. ஒரு லிப்போசோமுக்கே நேரம் பிடிக்கும். ஒரு நாள் வாடகைக்கு எடுத்த கருவியில் நம்பும்படியான எண்ணிக்கை சேர்ப்பது கடினம்.

துளை மேல் நிற்கும் சவ்வு என்று இன்னொரு வழி உண்டு. நுண்துளைகள் உள்ள தகட்டின் மேல் சவ்வை விரித்து, துளையின் நடுவில் அழுத்துவது. அடித்தளத் தொல்லை இல்லை, கேட்க அழகாக இருக்கும். ஆனால் அங்கே கிடைப்பது பெரும்பாலும் சவ்வின் இழுவிசை. அதுவும் துளை விளிம்பு சவ்வை எப்படிப் பிடித்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. தகடு தயாரிப்பதே ஒரு தனி ஆய்வு. இரண்டாண்டுப் படிப்பில் இதைத் தொடவேண்டாம்.

மலையிலேயே செய்யக்கூடியது

“ஏன் மேடம், கருவி ஒன்றுதானே, வளைவுக் குணகத்தையும் அதிலேயே எடுத்திட முடியாதா?” என்று மாணவர்கள் கேட்பதுண்டு. எடுக்கலாம், ஆனால் சுற்றி வளைத்துத்தான். பல அனுமானங்களைக் கடந்துதான் அந்த எண் வரும். வளைவுக் குணகம்தான் வேண்டும் என்றால் அணுவிசை நுண்ணோக்கியை விட்டுவிட்டு, நல்ல ஒளி நுண்ணோக்கி ஒன்றைத் தேடுங்கள். பெரிய லிப்பிட் குமிழ்களின் துடிப்பைப் படம் பிடிக்கும் முறை அது. சிவப்பணுக்களின் மினுமினுப்பு வெறும் வெப்ப அசைவுதான், அதிலிருந்தே சவ்வின் வளைவுத் தன்மையை அறியலாம் என்று பிரோஷார், லெனான் இருவரும் 1975-இல் காட்டினார்கள். அதே அடிப்படைதான் இங்கேயும்.

குமிழ் செய்வதற்கு அஞ்செலோவா, டிமிட்ரோவ் இருவரும் 1986-இல் சொன்ன மின்புல முறை இன்றும் போதும். மின்சாரம் கடத்தும் பூச்சுள்ள இரண்டு கண்ணாடித் தகடுகள், அவற்றில் உலர்த்திய லிப்பிட், நடுவே சர்க்கரைக் கரைசல், இயற்பியல் துறையில் சும்மா இருக்கும் ஒரு சிக்னல் ஜெனரேட்டர். 10 ஹெர்ட்ஸ், ஒன்றிரண்டு வோல்ட், இரண்டு மூன்று மணி நேரம். 10 முதல் 20 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள குமிழ்கள் திரண்டிருக்கும். உள்ளே சுக்ரோஸ், வெளியே குளுக்கோஸ் என்று வைத்தால் குமிழ் கனத்துக் கீழே அமரும், ஃபேஸ் கான்ட்ராஸ்ட் நுண்ணோக்கியில் விளிம்பும் பளிச்சென்று தெரியும். சில ஆயிரம் படங்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் விளிம்பைக் கண்டுபிடித்து, அந்த நெளிவை அலைகளாகப் பிரித்தால், எந்த அலை எவ்வளவு ஆடுகிறது என்பதிலிருந்து வளைவுக் குணகம் நேராக வரும். நீண்ட அலைகளை இழுவிசை அடக்கும், குட்டை அலைகளை வளைவுக் குணகம் அடக்கும். இரண்டையும் ஒரே படத்திலிருந்து பிரித்துவிடலாம்.

கேமராவின் வெளிச்ச நேரம் சில மில்லிநொடிக்குள் இருக்கவேண்டும். அதிகமானால் வேகமான குட்டை அலைகள் மங்கி, சவ்வு இருப்பதைவிட விறைப்பாகத் தெரியும். உப்பு அதிகம் உள்ள கரைசலில் குமிழ் சரியாக வராது என்பது இன்னொரு குறை. ஜெல் நிலைச் சவ்வு துடிக்காது, அதனால் இங்கேயும் டி.எம்.பி.சியை மறந்துவிடுங்கள். பி.ஓ.பி.சிக்கு ஊட்டியின் குளிர் ஒரு தடையே இல்லை.

கண்ணாடிக் குழலால் குமிழை உறிஞ்சிப் பிடிக்கும் முறையில் வளைவும் நீட்சியும் இரண்டும் கிடைக்கும். பரப்பு நீட்சிக் குணகத்துக்கு இன்றும் பலர் நம்பி எடுத்துக்கொள்ளும் எண்கள் அதிலிருந்துதான் வந்தவை. கை பழக மாதக்கணக்கில் ஆகும், சொல்லித்தர ஆள் இருந்தால் மட்டும் இறங்குங்கள்.

தைலத்துக்கே உரிய கவனங்கள்

எந்த முறையானாலும் சில விஷயங்கள் பொது. சினியோல் ஆவியாகும். திறந்த நீர்க்கலத்தில் விட்டால் அரை மணி நேரத்துக்குப் பின் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று சொல்ல முடியாது, அதனால் மூடிய கலம் கேளுங்கள். பிளாஸ்டிக் குழாயும் ரப்பர் வளையமும் எண்ணெய்ப் பொருளை உறிஞ்சிக்கொள்ளும். கண்ணாடிக் குப்பி, கண்ணாடி சிரிஞ்சு போதும். சினியோல் நீரில் கொஞ்சம்தான் கரையும் என்பதால் பலர் எத்தனாலில் கரைத்து விடுகிறார்கள். எத்தனாலே சவ்வை மாற்றக்கூடியது; ஜெல் நிலையில் இரண்டு அடுக்கின் வால்களும் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொள்ளும் அளவுக்குக்கூடப் போகும். ஆகவே எத்தனால் மட்டும் விட்ட ஓர் அளவு இல்லாமல் உங்கள் முடிவை யாரும் ஏற்க மாட்டார்கள், ஏற்கவும் கூடாது. கடையில் வாங்கிய தைலத்தையும் சுத்தமான சினியோலையும் தனித்தனியாகப் பாருங்கள். தைலத்தில் வேறு டெர்பீன்களும் (சினியோல் போன்ற மணப்பொருள்கள்) இருக்கின்றன.

மாதிரியைக் கீழே கொண்டுபோவதிலும் ஒரு தேர்வு உண்டு. லிப்போசோமாகச் செய்து ஐஸ் பெட்டியில் கொண்டுபோகலாம், அல்லது லிப்பிட்டைக் குப்பியில் உலர்ந்த படலமாகவே கொண்டுபோய் அங்கே நீர் சேர்க்கலாம். இரண்டாவதுதான் நல்லது. மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் வெப்பநிலை பதினைந்து டிகிரி ஏறும், பஸ் குலுங்கும், ஐஸில் ஒட்டிய பக்கம் உறைந்துபோனால் லிப்போசோம் உடைந்துவிடும். உலர்ந்த படலத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. நைட்ரஜன் ஊதி மூடிய குப்பியை ஊட்டியில் மூடும்போது காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட நான்கில் ஒரு பங்கு குறைவு. கீழே திறந்தவுடன் வெளிக்காற்றை ஈரத்தோடு உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் எல்லாவற்றையும் ஒரேயடியாகத் திறந்து வைக்காமல், தேவைப்படும் குப்பியை மட்டும் திறந்து உடனே பஃபர் ஊற்றுங்கள்.

நான் எதைத் தேர்வேன்?

சினியோல் திரவ நிலைச் சவ்வை இளக்குகிறதா என்பதுதான் கேள்வி என்றால், முதலில் மேலேயே பி.ஓ.பி.சி குமிழ்களின் துடிப்பை அளப்பேன். பணம் குறைவு, அவசரம் இல்லை, செறிவை மாற்றி மாற்றிப் பார்க்கலாம், கிடைப்பது உண்மையான பொருட்பண்பு. எந்தச் செறிவில் மாற்றம் தொடங்குகிறது என்று அதிலேயே தெரிந்துவிடும். அப்புறம் அந்தச் செறிவை மட்டும் எடுத்துக்கொண்டு கீழே போய், மைக்கா மேல் விரித்த சவ்வில் துளைப்பு விசையைப் பார்ப்பேன். முன்னால், எத்தனாலோடு, சினியோலோடு, கடைசியில் கழுவிவிட்டு மறுபடி. நான்கு கட்டங்கள், ஒரே முனை. கழுவிய பின் விசை பழைய இடத்துக்குத் திரும்பினால் முனை கெடவில்லை, சவ்வும் போகவில்லை, மாற்றம் சினியோலால்தான் வந்தது என்று நிம்மதியாகச் சொல்லலாம். திரும்பாவிட்டால் படம் எடுத்துப் பார்க்கவேண்டும், தைலம் சவ்வையே பெயர்த்துக்கொண்டு போயிருக்கலாம்.

இரண்டில் ஒன்றுக்குத்தான் வசதி என்றால்? நுண்ணோக்கியும் கேமராவும் இருக்கிற துறை துடிப்பு முறையையே வைத்துக்கொள்ளட்டும். அவை இல்லை, கீழே ஒரு நாள் நேரம் மட்டும் கிடைக்கும் என்றால் துளைப்பு விசை. ஒரு நாளில் நம்பகமான ஒப்பீட்டைத் தருவது அது ஒன்றுதான். ஆனால் ஆய்வேட்டின் தலைப்பில் விறைப்பு என்று போடாமல் துளைப்பு விசை என்றே போடுங்கள். லிப்போசோம் தயாரிப்பு உங்கள் துறை என்றால் மட்டும் முழு லிப்போசோமை அழுத்தும் வழிக்குப் போங்கள். அப்போதும் ஒரு நாள் போதாது, அங்கேயே ஒரு வாரம் தங்கி வேலை செய்ய ஏற்பாடு செய்துகொண்டு போகவேண்டும்.

நேரம் பதிவு செய்யும் முன் கருவி பார்த்துக்கொள்பவரிடம் போனில் கேட்கவேண்டியவை சில. மூடிய நீர்க்கலம் இருக்கிறதா? கலத்துக்குள் வெப்பநிலையைக் காட்டும் உணரி இருக்கிறதா, அல்லது அறை வெப்பநிலையைத்தான் எழுத வேண்டுமா? சூடாக்கும் மேடை உண்டா? கட்டமிட்டு வளைவு எடுக்கும் வசதி உண்டா? பட்டையின் விறைப்பை எப்படி அளக்கிறார்கள், தொழிற்சாலை அட்டையில் போட்டிருக்கும் எண்ணையே போடுகிறார்களா? அட்டை எண் என்றால், வெப்ப அசைவு முறையில் அளந்து தரச் சொல்லுங்கள். கருவிகள் பலவற்றின் மென்பொருளில் அது இருக்கிறது, சில நிமிட வேலை. காற்றில் பட்டை அதிர்வதை வைத்துக் கணக்கிடும் சேடர் முறையை யாராவது இந்த மலையில் பயன்படுத்தினால், மென்பொருளில் உள்ள கடல்மட்டக் காற்றடர்த்தியை மாற்றவேண்டும். இங்கே காற்று அதைவிட ஐந்தில் ஒரு பங்கு லேசு. மாற்றாவிட்டால் விறைப்பு மிகையாக வரும். வளைவுகளை மூலக் கோப்பாகவே தருவார்களா, வெறும் படமாகத் தருவார்களா என்பதையும் கேளுங்கள். படமாக மட்டும் தருவோம் என்றால் வேறு இடம் பாருங்கள்.